ஜெனரல் செர்னியாகோவ்ஸ்கி யார்? யாருக்காவது தெரியுமா?

கேள்வி
பிப்ரவரி 16, மாலை 6.12

பரணைச் சுத்தம் செய்தபோது அப்பா சேர்த்து வைத்திருந்த, சோவியத் தூதரகம் தமிழில் வெளியிட்ட பழைய சோவியத் நாடு இதழ்கள் ஒரு கட்டு கிடைத்தது. முக்கால்வாசி கரையான் தின்றுவிட்டது. மிஞ்சிய ஒரு பக்கத்தில் அடர்ந்த தலைமுடியும் நெஞ்சு நிறையப் பதக்கமுமாக, சினிமா கதாநாயகன் மாதிரி ஒரு ஜெனரல். பெயர் இவான் செர்னியாகோவ்ஸ்கி. யார் இவர்? என்னைக் கேட்டால் சோவியத் ஜெனரல்களில் இரண்டே வகைதான். ஸ்டாலின் சுட்டுக் கொன்றவர்கள், சிலையாக நிற்பவர்கள். மூன்றாவது வகை இருந்தால் சொல்லுங்கள் பார்ப்போம்.

பதில்
பிப்ரவரி 16, இரவு 9.40

இவர் சிலை வகை. ஆனால் அந்தச் சிலை ஊர் மாறிய கதை ஒன்று இருக்கிறது, அதை அப்புறம் சொல்கிறேன்.

எனக்கு இவரைத் தெரிந்தது ஏழாம் வகுப்பில். எங்கள் வீட்டில் சோவியத் நாட்டின் வழவழத் தாள்தான் நோட்டுக்கு அட்டை. அண்ணனுக்குக் கோதுமை வயலும் டிராக்டரும், எனக்கு இந்த ஜெனரல், கணக்கு நோட்டுக்கு. அப்பா சந்தா கட்டியது கொள்கைக்காகவா அட்டைக்காகவா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். ஒரு வருடம் முழுக்க அந்த முகத்தைப் பார்த்தபடி அல்ஜீப்ரா போட்டேன், மீசை வரைந்தேன், கண்ணாடி மாட்டிவிட்டேன். பெயரை மட்டும் கடைசி வரை சரியாகச் சொல்ல வரவில்லை, "செர்னியப்பன்" என்றுதான் கூப்பிடுவோம்.

ஆள் பிறந்தது 1907 ஜூன் 29, உக்ரைனில் உமான் பக்கத்துக் கிராமம் ஒன்றில். ஏழைக் குடும்பம். 1919இல் டைஃபஸ் காய்ச்சலில் அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்விட, பன்னிரண்டு வயதுப் பையன் மாடு மேய்த்தான், அப்புறம் ரயில்வே பட்டறையில் எடுபிடி. 1924இல் ராணுவம். பீரங்கிப் பள்ளி, பிறகு டாங்கி அகாடமி, அதை முடித்தது 1936இல். ஹிட்லர் 1941 ஜூனில் உள்ளே நுழைந்தபோது இவர் லித்துவேனியாவில் 28வது டாங்கி டிவிஷனின் தளபதி, கர்னல் பதவி. மற்ற எல்லோரையும் போல முதல் மாதங்களில் பின்வாங்கிக்கொண்டே அடித்தார், அடித்துக்கொண்டே பின்வாங்கினார். டாங்கிகள் தீர்ந்துபோய், டிவிஷனையே காலாட்படையாக மாற்றி வேறு எண் கொடுத்துவிட்டார்கள்.

1942 ஜூலையில் வரோனெஷ் பக்கம் 60வது படையைக் கையில் கொடுத்தார்கள். 1943 ஜனவரி 25 வரோனெஷ், பிப்ரவரி 8 குர்ஸ்க், செப்டம்பரில் கீவுக்கு வடக்கே நீப்பர் ஆற்றைக் கடந்தது, அதற்காக அக்டோபரில் சோவியத் யூனியனின் வீரர் பட்டம். 1944 ஏப்ரலில் மூன்றாவது பெலோருஷ்யப் போர்முனைக்கே தளபதி. அப்போது வயது 38. அந்தப் போரில் ஒரு போர்முனையை நடத்தியவர்களிலேயே இளையவர் இவர்தான்.

பிப்ரவரி 16, இரவு 10.05

தப்பு. 1907 ஜூனில் பிறந்தவருக்கு 1944 ஏப்ரலில் 36தான் ஆகியிருக்கும். கணக்கு நோட்டில் இருந்தவரின் வயதையே தப்பாகப் போட்டிருக்கிறேன், வாத்தியார் பார்த்திருந்தால் ஸ்கேலால் போட்டிருப்பார். 38ஐ அவர் பார்க்கவே இல்லை.

பிப்ரவரி 17, காலை 7.30

"போர்முனைக்குத் தளபதி என்றால் என்ன, போர்முனை என்பது சண்டை நடக்கிற இடம்தானே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. சோவியத் ராணுவத்தில் அது ஒரு படைத் தொகுதியின் பெயர். பல டிவிஷன்கள் சேர்ந்தால் ஒரு படை, பல படைகள் சேர்ந்தால் ஒரு போர்முனை, லட்சக்கணக்கான ஆட்கள். மாஸ்கோவில் அச்சான தமிழ் மொழிபெயர்ப்புகளில் இப்படித்தான் போட்டிருப்பார்கள், எனக்கும் அதே பழகிவிட்டது.

இன்னொரு குழப்பம். "சோவியத் ராணுவ ஜெனரல்" என்றால் நாம் எல்லா ஜெனரலையும் நினைத்துக்கொள்கிறோம். அங்கே "ராணுவ ஜெனரல்" என்பதே ஒரு தனிப் பதவி. மேஜர் ஜெனரல், லெப்டினன்ட் ஜெனரல், கர்னல் ஜெனரல், அதற்கும் மேலே ராணுவ ஜெனரல், அதைத் தாண்டினால் மார்ஷல். செர்னியாகோவ்ஸ்கிக்கு அந்தப் பதவி வந்தது 1944 ஜூன் கடைசியில், 37வது பிறந்தநாளை ஒட்டி. அன்றைக்கு அந்தப் பதவியில் அவரைவிடச் சின்னவர் யாரும் இல்லை.

பதவி உயர்வு சும்மா வரவில்லை. ஜூன் 23 அன்று பக்ராதியோன் நடவடிக்கை தொடங்கியது. நான்கு போர்முனைகள் சேர்ந்து பெலோருஷ்யாவில் ஜெர்மனியின் மத்தியப் படைத் தொகுதியை நொறுக்கிய அடி அது. இவருடைய ஆட்கள் 26ஆம் தேதி பக்கத்துப் போர்முனையோடு சேர்ந்து வீத்தெப்ஸ்க், 27ஆம் தேதி ஓர்ஷா, ஜூலை 3 மின்ஸ்க், 13 வில்னியூஸ். ஸ்டாலின்கிராதைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கு அது எப்போதுமே குறைதான். ஜூலை 17 அன்று பிடிபட்ட ஜெர்மானியர்களில் சுமார் 57,000 பேரை மாஸ்கோ தெருக்களில் நடக்க வைத்தார்கள், பின்னாலேயே தண்ணீர் லாரிகள் வந்து தெருவைக் கழுவின. நம் ஊரில் துஷ்டி வீட்டில் எல்லோரும் போனதும் வாசலைக் கழுவிவிடுவார்களே, அது ஞாபகம் வந்தது.

பிப்ரவரி 18, இரவு 8.15

தேதியைப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். இன்றைக்குத்தான் அவர் செத்த நாள், 1945 பிப்ரவரி 18.

கிழக்குப் பிரஷ்யாவில் மேல்சாக் என்ற சின்ன ஊர். ஒரு படைத் தலைமையகத்திலிருந்து இன்னொன்றுக்கு வில்லிஸ் ஜீப்பில் போய்க்கொண்டிருந்தார். வண்டிக்குப் பின்னால் ஒரு குண்டு விழுந்து வெடித்தது. ஒரே ஒரு சிதறல் ஜீப்பின் பின்பக்கத் தகட்டைத் துளைத்து, இருக்கையைத் துளைத்து, அவர் முதுகில் ஏறியது. வண்டியில் இருந்த மற்ற யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

பல பேர் உட்கார்ந்திருக்கிற ஜீப்பில் இரும்புத் துண்டு ஒன்று தேடிப் பிடித்து ஒருவரை மட்டும் தொட்டால் ஊர் வாய் சும்மா இருக்குமா? சொந்த டாங்கிக்காரர்களே சுட்டார்கள், முந்தைய தினம் ஏதோ தகராறு என்று ரஷ்யர்கள் நடுவே ஒரு கதை உலவுகிறது. நான் நம்பவில்லை. சண்டை நடக்கிற நாட்டில் குண்டு விழுவதற்குச் சதி தேவையில்லை. ஆனால் இப்படி ஒரு கதை ஏன் தேவைப்படுகிறது என்று புரிகிறது. இத்தனை நதி தாண்டி, இத்தனை ஊர் பிடித்து, போர் முடிய மூன்று மாதம்கூட இல்லாதபோது தெருவோரம் ஒரு சிதறலில் போவதை யாருக்கும் ஏற்க முடியாது. அவர் இடத்துக்கு மார்ஷல் வசிலெவ்ஸ்கி வந்தார், ஏப்ரல் 9 அன்று கோனிக்ஸ்பெர்க் விழுந்தது.

உடலை வில்னியூஸ் நகர நடுவில் புதைத்தார்கள். 1946இல் அதே கிழக்குப் பிரஷ்யாவில் இன்ஸ்டர்புர்க் என்ற ஜெர்மன் ஊருக்குச் செர்னியாகோவ்ஸ்க் என்று பெயர் வைத்தார்கள். அந்த ஊரை அவருடைய ஆட்கள் பிடித்தது 1945 ஜனவரியில்.

பிப்ரவரி 18, இரவு 11.20

"அப்படியானால் மூன்றாவது வகை இல்லை என்று ஒப்புக்கொள்கிறீர்களா" என்று கேள்வி கேட்டவர் வம்புக்கு இழுக்கிறார்.

மூன்றாவது வகைக்கு வெகுதூரம் போக வேண்டாம், ரொகொசோவ்ஸ்கி. 1937இல் பிடித்து உள்ளே போட்டு, அடித்துப் பல்லை உடைத்து, 1940இல் வெளியே விட்டு, "போய் வேலையைப் பார்" என்றார்கள். அவரும் போனார். மார்ஷல் ஆனார். 1945 ஜூன் 24 வெற்றி அணிவகுப்புக்குக் குதிரையில் தலைமை தாங்கியவர் அவர்தான். செர்னியாகோவ்ஸ்கியோடு சேர்ந்து மின்ஸ்கைப் பிடித்தவரும் அவர்தான். அடித்தவர்களும் மாலை போட்டவர்களும் ஒரே ஆட்கள்.

நான் சொல்ல வந்தது நான்காவது வகை. நாளைக்கு. தூக்கம் வருகிறது.

பிப்ரவரி 19, இரவு 9.00

பியோத்தர் கிரிகரென்கோ.

1907 அக்டோபர் 16, உக்ரைனில் ஸபரோஷியா பக்கம் பரீசவ்கா கிராமம். கவனியுங்கள், அதே வருடம், அதே நாடு, அதே மாதிரி கஞ்சிக்கு இல்லாத வீடு, இவருக்கும் சின்ன வயதிலேயே அம்மா இல்லை. 1927இல் கட்சி உறுப்பினர். பொறியாளராகப் படித்து ராணுவத்துக்கு வந்தார். 1939இல் மங்கோலிய எல்லையில் ஜப்பானியரோடு நடந்த ஹால்கின் கோல் சண்டைக்குப் போனவர். பெரிய போரின் கடைசிக் கட்டத்தில் கார்பாத்திய மலைப் பக்கம் ஒரு டிவிஷனின் தலைமை அதிகாரி. போருக்குப் பிறகு மாஸ்கோவில் ஃபிரூன்ஸே ராணுவ அகாடமியில் ஆசிரியர், அங்கேயே சைபர்னெட்டிக்ஸ் (கட்டுப்பாட்டு அறிவியல்) துறைக்குத் தலைவர், 1959இல் மேஜர் ஜெனரல். நல்ல வீடு, நல்ல சம்பளம், மாணவர்கள் மதிக்கிற வாத்தியார். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இன்னும் இரண்டு நட்சத்திரம் வந்திருக்கும்.

1961 செப்டம்பர் 7, மாஸ்கோவில் லெனின் வட்டாரக் கட்சி மாநாடு. இவர் எழுந்து மேடைக்குப் போனார். ஸ்டாலினைத் திட்டித் தீர்த்துவிட்டோம், சரி, இன்னொரு தனிநபர் வழிபாடு வராமல் இருக்க என்ன ஏற்பாடு செய்திருக்கிறோம் என்று கேட்டார். பதவிக்கு வருகிறவர்களை மாற்ற வழி வேண்டும், அதிகாரிகளின் அதிகச் சம்பளத்தை வெட்ட வேண்டும் என்றார். அப்போது மேலே இருந்தவர் குருஷ்சேவ். தொப்பி யாருக்கு என்று சொல்லவே வேண்டாம், சபையில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

அகாடமியிலிருந்து தூக்கி, தூரக் கிழக்கில் உசூரீஸ்குக்கு மாற்றல். வரைபடத்தில் பாருங்கள், விளாதிவஸ்தோக் பக்கம், மாஸ்கோவிலிருந்து நாட்டின் மறு கோடி. நம் ஊர் பாஷையில் தண்ணியில்லாக் காடு.

பிப்ரவரி 19, இரவு 9.50

தண்ணியில்லாக் காடு என்று எழுதியதும் என் கதை ஞாபகம் வந்துவிட்டது, இழை தடம் மாறினாலும் பரவாயில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருடம் சங்கக் கூட்டத்தில் எழுந்து, கிடங்குக்கு வராத சாமானுக்கு யார் கையெழுத்துப் போட்டது என்று கேட்டேன். அவ்வளவுதான். மைக்கூட இல்லை. மூன்றாவது வாரம் மாற்றல் உத்தரவு, பஸ் ஒரு நாளைக்கு இரண்டு தடவை மட்டும் வருகிற ஊருக்கு. அது போகட்டும். எனக்கு மறக்காதது வீட்டில் நடந்தது. சித்தப்பா வந்து அம்மாவிடம் குரலைத் தாழ்த்தி, "பையனுக்கு மனசு எதுவும் சரியில்லையோ அண்ணி, ஒரு தடவை குணசீலம் கூட்டிக்கிட்டுப் போய் வந்துடலாமா" என்றார். அவர் கெட்டவர் இல்லை. உண்மையிலேயே கவலைப்பட்டார். நல்ல வேலையில் இருக்கிற ஒருத்தன் அதைக் கெடுத்துக்கொள்கிற மாதிரி வாய் திறந்தால் அவனுக்கு ஏதோ கோளாறு என்பதைத் தவிர அவருக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

கிரிகரென்கோவுக்கும் இதுதான் நடந்தது. வித்தியாசம், அங்கே சித்தப்பா இடத்தில் அரசாங்கம்.

பிப்ரவரி 20, காலை 6.50

நேற்று எழுதியதைப் படித்தால் வெட்கமாக இருக்கிறது. என் மாற்றலையும் அவர் பட்டதையும் ஒரே தராசில் வைத்திருக்கிறேன். நான் ஒன்றரை வருடத்தில் திரும்பி வந்துவிட்டேன், ஊரும் மோசமில்லை, பரோட்டா நன்றாக இருக்கும். அதை அழிக்கவில்லை, சித்தப்பா பகுதிக்காக. கீழே வருவதைப் படித்துவிட்டு நீங்களே எடை போட்டுக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 20, இரவு 9.30

1963 இலையுதிர் காலம். கிரிகரென்கோ லீவில் மாஸ்கோ வந்தவர், தன் மகன்களையும் இன்னும் சிலரையும் சேர்த்துக்கொண்டு ஒரு சங்கம் தொடங்கினார், லெனினியத்தின் மறுமலர்ச்சிக்காகப் போராடும் சங்கம் என்று பெயர். பெயரைப் பார்த்தாலே தெரியும், ஆள் அப்போதும் சுத்தக் கம்யூனிஸ்ட். அந்த வருடம் விளைச்சல் பொய்த்து வெளிநாட்டிலிருந்து கோதுமை வாங்கினார்கள். ரொட்டி ஏன் இல்லை என்று ஒரு துண்டுப் பிரசுரம். 1962இல் நவசெர்காஸ்கில் விலையேற்றத்தை எதிர்த்து ஊர்வலம் போன தொழிலாளர்களைச் சுட்டதைப் பற்றியும் எழுதினார். ஜெனரல் துண்டுப் பிரசுரம் கொடுத்த காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்.

1964 பிப்ரவரி 1 அன்று கைது. வழக்கு நடத்தினால் ஜெனரல் கோர்ட்டில் பேசுவார், அது வம்பு. அதனால் மாஸ்கோவில் செர்ப்ஸ்கி மனநல ஆய்வு நிலையத்துக்கு அனுப்பி, புத்தி சரியில்லை என்று எழுதி வாங்கினார்கள். லெனின்கிராதில் சிறை போன்ற மனநல ஆஸ்பத்திரி. அப்புறம் பதவியைப் பறித்துச் சாதாரணச் சிப்பாய் ஆக்கினார்கள், ஓய்வூதியமும் போச்சு. இங்கேதான் எனக்குச் சிரிப்பு வரும். புத்தி சரியில்லாதவர் செய்த காரியத்துக்கு அவர் பொறுப்பில்லை, அவருக்குத் தண்டனை தர முடியாது, அவர்களுடைய சட்டமே அப்படித்தான். பைத்தியம் என்றால் ஜெனரல் பென்ஷன் கொடு, தெளிவானவர் என்றால் கோர்ட்டுக்குக் கொண்டு வா. அவர்கள் இரண்டையும் செய்யவில்லை.

அக்டோபரில் குருஷ்சேவ் கவிழ்ந்தார். 1965 ஏப்ரலில் இவரை விட்டார்கள். பதவியைத் திருப்பித் தரவில்லை. 57 வயதில், சைபர்னெட்டிக்ஸ் துறைத் தலைவராக இருந்தவர், மாஸ்கோவில் காய்கறிக் கடையில் மூட்டை தூக்கினார்.

புதிதாக மேலே வந்தவர் பிரெஷ்னேவ். 1944இல் கார்பாத்தியப் பக்கம் கிரிகரென்கோவின் டிவிஷன் இருந்த 18வது படையில் அரசியல் பிரிவுத் தலைவர் அவர்தான். பழைய பழக்கம் ஒன்றுக்கும் உதவவில்லை.

பிப்ரவரி 20, இரவு 10.40

அடுத்த பகுதியையும் முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

வெளியே வந்தவர் அடங்கவில்லை. இந்தத் தடவை தலைமறைவு வேலையே வேண்டாம் என்று முடிவு செய்தார். தலைமறைவில் எலிகளைத்தான் பார்க்க முடியும் என்பது அவர் வாதம், பின்னால் எழுதிய சுயசரிதைக்கும் அதையே தலைப்பாக வைத்தார். எல்லாம் சொந்தப் பெயரில், சொந்தக் கையெழுத்தில், முகவரியோடு.

கிரிமியத் தாத்தார்கள் விஷயத்தை எடுத்துக்கொண்டார். 1944 மே 18 தொடங்கி அந்த மக்கள் மொத்தத்தையும், ஏறக்குறைய 1,90,000 பேரை, துரோகிகள் என்று முத்திரை குத்தி ரயிலில் ஏற்றிப் பெரும்பாலோரை உஸ்பெகிஸ்தானுக்கு அனுப்பினார் ஸ்டாலின். 1967இல் பழியை மட்டும் நீக்கினார்கள், ஊருக்குத் திரும்ப விடவில்லை. 1968 மார்ச் 17 அன்று தன் நண்பர், எழுத்தாளர் கஸ்தேரினின் பிறந்தநாள் விழாவில் தாத்தார்கள் முன்னால் கிரிகரென்கோ பேசினார். உங்களுடையதைப் பறித்தார்கள், அதை ஏன் கெஞ்சிக் கேட்கிறீர்கள், உரிமையாகக் கேளுங்கள் என்றார். ஆகஸ்டில் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் டாங்கி போனதையும் எதிர்த்தார்.

1969 மே மாதம் தாஷ்கந்தில் தாத்தார் ஆர்வலர்கள் மீது வழக்கு. சாட்சி சொல்ல வரச் சொல்லி அழைப்பு வந்தது, போனார், மே 7 அன்று அங்கேயே பிடித்துவிட்டார்கள். தாஷ்கந்தில் மருத்துவக் குழு ஒன்று பரிசோதித்து, தலைமை பேராசிரியர் தேத்தென்கோஃப், ஆள் தெளிவாக இருக்கிறார் என்று எழுதிவிட்டது. மேலிடத்துக்கு அது பிடிக்கவில்லை. மறுபடி மாஸ்கோ, மறுபடி செர்ப்ஸ்கி. மெல்லப் படரும் மனச்சிதைவு என்று முத்திரை குத்தினார்கள்.

இந்தத் தடவை அனுப்பிய ஊரின் பெயர் செர்னியாகோவ்ஸ்க்.

பிப்ரவரி 20, இரவு 11.15

ஆமாம், அதே செர்னியாகோவ்ஸ்க். என் கணக்கு நோட்டு அட்டையின் பெயர் வைத்த ஊர். அங்கே ஜெர்மானியர் காலத்துச் சிறைக் கட்டடத்தில் "விசேஷ மனநல ஆஸ்பத்திரி" என்று ஒன்று. சுகாதாரத் துறை நடத்தவில்லை, உள்துறை அமைச்சகம் நடத்தியது. வார்டில் எடுபிடியாக இருந்தவர்கள் தண்டனைக் கைதிகள்.

1970இலிருந்து 1973 வரை கிரிகரென்கோ அங்கே. ஆறு சதுர மீட்டர் அறை, கூடவே மனைவியைக் கொன்றுவிட்டு இரவும் பகலும் பிதற்றிக்கொண்டிருந்த ஒருவர். கட்டில் போக இரண்டு எட்டு வைக்கத்தான் இடம். பேனாவும் தாளும் கொடுக்கவில்லை, மறுபடி ஏதாவது எழுத ஆரம்பித்துவிட்டால்? மனைவி ஸினாயிதா மாஸ்கோவிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் வந்து பார்த்துவிட்டுப் போவார். வீட்டில் நான் ஆறு சதுர மீட்டரைச் சாக்பீஸால் தரையில் கோடு போட்டுப் பார்த்தேன். எங்கள் சமையலறையைவிடச் சின்னது. பேத்தி உள்ளே புகுந்து பாண்டி ஆட ஆரம்பித்துவிட்டாள்.

மருத்துவக் குழு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து, உங்கள் கருத்துகளைப் பற்றி இப்போது என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்கும். தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் குணமாகிவிட்டது என்று எழுதி விட்டிருப்பார்கள். கருத்து என்பது கையுறை இல்லை, நினைத்தபோது மாற்றிக்கொள்ள, என்று பதில் சொன்னார்.

ஒரே வருடத்தில் பிறந்த இரண்டு உக்ரைன்காரர்கள். ஒருவர் பெயர் இன்னொருவரின் கடித முகவரியில்.

பிப்ரவரி 21, காலை 8.10

திருத்தம். மெல்லப் படரும் மனச்சிதைவு என்று மேலே எழுதியது தப்பு. அது பேராசிரியர் ஸ்னெஷ்னெவ்ஸ்கியின் பிரபலமான சரக்கு, மற்ற பலருக்குக் குத்திய முத்திரை. கிரிகரென்கோவுக்கு எழுதியது "சீர்திருத்தக் கருத்துகளுடன் கூடிய சந்தேக நோய்ப்போக்குள்ள ஆளுமை வளர்ச்சி". படித்துப் பாருங்கள், சீர்திருத்தக் கருத்து என்பதையே நோய்க்குறியாகப் போட்டிருக்கிறார்கள். நான் தப்பாக எழுதியதைவிடச் சரியானது இன்னும் மோசம்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். கீவில் செம்யோன் குளூஸ்மன் என்று 25 வயது மனநல மருத்துவர். 1971இல், நோயாளியை நேரில் பார்க்க வழியில்லாததால், கிடைத்த ஆவணங்களை வைத்தே ஓர் அறிக்கை எழுதினார், கிரிகரென்கோவுக்கு எந்த நோயும் இல்லை என்று. 1972இல் அவரைப் பிடித்து ஏழு வருடம் முகாம், மூன்று வருடம் உள்நாட்டிலேயே தூர ஊரில் கட்டாய வாசம். 25 வயதில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தேன், சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் ஞாபகம் வரவில்லை.

பிப்ரவரி 21, மதியம் 1.30

நான் செர்னியாகோவ்ஸ்கியை வெறும் பொம்மையாக்கி, கிரிகரென்கோவைச் சாமியாக்குகிறேன் என்று ஒருவர் திட்டியிருக்கிறார். பாதி ஒத்துக்கொள்கிறேன்.

கிரிகரென்கோ முப்பதுகளில் பெலோருஷ்யாவில் ராணுவப் பொறியாளராக இருந்தபோது கோயில்களுக்கு வெடி வைத்தவர், வீத்தெப்ஸ்க் தேவாலயம் உட்பட. நன்றாகவே வைத்தார், கெட்டிக்காரப் பொறியாளர். பிற்காலத்தில் அதை அவரே வருத்தத்தோடு எழுதினார். அதே வீத்தெப்ஸ்கைத்தான் 1944இல் செர்னியாகோவ்ஸ்கியின் படைகள் மீட்டன. இப்போதுதான் கவனிக்கிறேன்.

செர்னியாகோவ்ஸ்கி பக்கமும் சுத்தமில்லை. 1944 ஜூலையில் வில்னியூஸை மீட்கும் சண்டையில் போலந்தின் உள்நாட்டுப் படை கெரில்லாக்களும் சேர்ந்து அடித்தார்கள். சண்டை முடிந்ததும், ஜூலை 17 அன்று, அவர்களுடைய தலைவர் கிஷிஷனோவ்ஸ்கியைப் பேச்சுவார்த்தைக்கு என்று செர்னியாகோவ்ஸ்கி பெயரில் அழைத்துக் கைது செய்தார்கள், ஆட்களின் ஆயுதத்தைப் பறித்தார்கள். மாஸ்கோவில் ஜெர்மானியக் கைதிகள் நடந்துபோன அதே நாள். இவர் மனமறிந்து செய்தாரா மேலிடத்து உத்தரவா என்று கேட்பதில் எனக்கு ஆர்வமில்லை, அழைப்பு அவருடையது.

சிலை கதையை அப்புறம் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். லித்துவேனியா சுதந்திரம் அடைந்ததும் வில்னியூஸ் சிலையை எடுத்துவிட்டார்கள். அவர் மீட்ட வரோனெஷ் அதை வாங்கி 1993இல் நிறுத்தியது, ரயில் நிலையத்துக்கு எதிரே. எலும்பு மாஸ்கோ நவதேவிச்சி கல்லறைக்குப் போனது. அவர் செத்த மேல்சாக் இப்போது போலந்தில் பியெனியென்ஷ்னோ, அங்கே இருந்த நினைவுச் சின்னத்தை 2015இல் இடித்தார்கள், ரஷ்யா கத்தியது. எஞ்சியிருப்பது ஊர்ப் பெயர் ஒன்று.

கேள்வி கேட்டவரே, சிலை வகை என்று நான் முதல் நாள் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். வகை பிரித்ததே தப்பு.

பிப்ரவரி 21, இரவு 9.15

இன்று கிரிகரென்கோ செத்த நாள், 1987 பிப்ரவரி 21, நியூயார்க்கில். நான் தேதி பார்த்துத் தொடங்கவில்லை, 18ஆம் தேதி அமைந்த மாதிரி இதுவும் அமைந்துவிட்டது.

நடுவில் விட்டதைச் சுருக்கமாக. 1974 ஜூன் 26 அன்று விடுதலை, மறுநாள் அமெரிக்க அதிபர் நிக்சன் மாஸ்கோ வந்திறங்கினார், விருந்தாளி வருவதற்கு முன் வீட்டை ஒழுங்கு செய்கிற கதை. 1976இல் மனித உரிமை மீறல்களைக் கண்காணித்த மாஸ்கோ ஹெல்சின்கி குழுவிலும் உக்ரைன் ஹெல்சின்கி குழுவிலும் நிறுவன உறுப்பினர். 1977 நவம்பர் கடைசியில் அறுவைச் சிகிச்சைக்காகவும் மகனைப் பார்க்கவும் அமெரிக்கா போனார், ஆறு மாத அனுமதி. அடுத்த சில மாதத்திலேயே குடியுரிமையைப் பறித்தார்கள். திரும்பிப் போக முடியாது.

அங்கே அவர் செய்த ஒரு காரியம்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடிக்கும். அமெரிக்க மனநல மருத்துவர்களிடம் தானாகவே போய், என்னைப் பரிசோதியுங்கள் என்றார். எழுபது தாண்டிய மனிதர். நோய் எதுவும் இல்லை, இருந்ததற்கான அடையாளமும் இல்லை என்று எழுதினார்கள். யாரும் கேட்கவில்லை, அவருக்குச் சான்றிதழ் தேவையும் இல்லை. அப்புறம் ஏன் போனார்? அத்தனை வருடம் டாக்டர்கள் சொல்லச் சொல்ல, ராத்திரி ஒரு தடவையாவது, ஒருவேளை அவர்கள் சொல்வது சரிதானோ என்று தோன்றியிருக்காதா? எனக்கே சித்தப்பா போன பிறகு ஒரு வாரம் அந்த யோசனை இருந்தது.

1993இல் ரஷ்ய அதிபர் யெல்த்சின் மேஜர் ஜெனரல் பதவியைத் திருப்பிக் கொடுத்தார். கல்லறை நியூஜெர்சியில், உக்ரைன்காரர்களின் மயானத்தில். சிம்ஃபெரோபோலில் சிலை உண்டு, ஆக இவரும் சிலை வகைதான், போங்கள்.

பிப்ரவரி 24, மாலை 7.00

சிலர் தனியாகக் கேட்டிருந்தார்கள், சோவியத் நாடு இதழில் கிரிகரென்கோ பற்றி ஏதாவது வந்ததா என்று. எங்கள் வீட்டு அட்டைகளில் பார்த்ததில்லை. அப்பாவுக்கு இப்போது 86. தொலைபேசியில் இந்தக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நாங்க அதெல்லாம் சிஐஏ கதைன்னு சொல்லிட்டோம்டா" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மழை பெய்ததா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டார்.

பிப்ரவரி 27, காலை 10.20

கேள்வி கேட்டவருக்கு: அந்தப் பக்கத்தை ஸ்கேன் செய்து போடுங்கள், மொபைலில் எடுத்தால் வழவழத் தாள் பளபளத்து முகம் தெரியாது. கட்டைத் தரையில் வைக்காதீர்கள், நாப்தலீன் உருண்டைக்கெல்லாம் கரையான் அசையாது, வெயிலில் பிரித்துக் காயப் போட்டுவிட்டு இரும்பு அலமாரியில் வையுங்கள். என் கணக்கு நோட்டு போன இடம் தெரியவில்லை. உங்கள் படத்தில் மீசை வரைந்திருந்தால் மட்டும் எனக்கு உடனே சொல்லுங்கள்.